நெகட்டிவ் எண்டு ரிப்போட், உள்ளுக்குள்ள டெங்கு

வெள்ளவத்தை, தெகிவளை, பம்பலப்பிட்டி பக்கம் அனெக்ஸ்லயும் போர்டிங்லயும் இருந்து வேலை செய்யிற, படிக்கிற எங்கட பிள்ளையளுக்குத்தான் இதை முக்கியமா எழுதுறன். அம்மா அப்பா ஊரில இருப்பினம், இஞ்ச காய்ச்சல் வந்தா கஞ்சி வச்சுக் குடுக்க ஆள் இல்லை, டொக்டர் சொல்லுறது சரியா பிழையா எண்டு கேக்கவும் ஆள் இல்லை. போன வைகாசி மழைக்குப் பிறகு என்ட தம்பிக்கு டெங்கு வந்து, அது ரத்தக்கசிவுக் காய்ச்சல் எண்டு சொல்லுற கட்டத்துக்குப் போய், அவன் எச்டியூவில, அதுதான் ஆளை விடாமக் கவனிக்கிற தீவிர வார்டில, கிடந்த நேரம் என்ட பையுக்குள்ள 'டெங்கு நெகட்டிவ்' எண்டு அடிச்ச லேப் ரிப்போட் ஒண்டு மடிச்சபடி இருந்தது. அந்த ரிப்போட் பொய் இல்லை, லேப்காரர் பிழை விடவும் இல்லை. ரத்தம் எடுத்த நாள்தான் பிரச்சினை. இந்த ஒரு விசயத்தை ஆராவது முதலே சொல்லியிருந்தா எவ்வளவோ காசு மிச்சம், அதைவிட அந்தப் பயம் மிச்சம்.

ஞாயிறு பின்னேரம் கண்ணுக்குப் பின்னால குத்துது, நாரி உளையுது எண்டுதான் தொடங்கினவன். ராத்திரி தொட்டுப் பாத்தா உடம்பு கொதிக்குது. பனடோல் ரெண்டைப் போட்டிட்டுப் படுத்திட்டான். சளி இல்லை, இருமல் இல்லை, வெறும் காய்ச்சலும் உடம்பு நோவும். கொழும்பில மழை விட்டுக் கொஞ்ச நாளில இப்பிடி ஒரு காய்ச்சல் வந்தா முதல்ல டெங்கு எண்டுதான் நினைக்கோணும் எண்டு பிறகு வார்டில எல்லாரும் சொல்லிச்சினம். நாங்கள் போனது பக்கத்து டிஸ்பென்சரிக்கு. அங்க தெரியுமே, பேர் எழுதாத சின்னச் சின்னக் கடதாசிப் பைகளுக்குள்ள குளிசை போட்டு, வெளியில பேனையால கோடு கீறித் தருவினம், காலமை ஒண்டு, ராவைக்கு ஒண்டு. வெள்ளை ஒண்டு, மஞ்சள் ஒண்டு, பிறவுண் ஒண்டு. பிறவுண் என்னத்துக்கு எண்டு கேட்டன், "உடம்பு நோவுக்கு" எண்டினம், அவ்வளவுதான். பிறகு ஆஸ்பத்திரியில "என்ன குளிசை போட்டவர்?" எண்டு கேக்க எனக்குச் சொல்ல ஒரு பேரும் தெரியாது. நல்லவேளை மிச்சம் இருந்ததை பையோட கொண்டு போனன், அந்த டொக்டர் பிறவுண் குளிசையைத் திருப்பிப் பாத்திட்டு முகத்தைச் சுளிச்சா. டைக்குளோபெனாக். டெங்கு எண்டு சந்தேகம் இருந்தாலே இபுபுரோபன், டைக்குளோபெனாக், மெபெனமிக் அசிட், அஸ்பிரின் ஒண்டும் போடக்கூடாது, வயித்துக்குள்ள ரத்தம் கசியப் பண்ணும், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்களில மிச்சம் இருக்கிறதையும் வேலை செய்ய விடாது. பரசிட்டமோல் மட்டும்தான், அதுவும் பெரியாக்களுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரெண்டு குளிசைக்கு மேல இல்லை, ஏனெண்டா டெங்கு ஈரலையும் போட்டுத் தாக்கும். ஆகவே டிஸ்பென்சரியில ஒவ்வொரு பையிலயும் பேரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ. கோவிச்சாலும் பரவாயில்லை.

இன்னொண்டு, காய்ச்சல் தொடங்கின நேரத்தைக் குறிச்சு வையுங்கோ. நாள் இல்லை, நேரம். ஃபோன்ல ஒரு மெசேஜாப் போட்டு வச்சாலும் போதும். இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாச் சொல்லுறன் எண்டா, அதுக்குப் பிறகு நான் சந்திச்ச ஒவ்வொரு டொக்டரும், ஒவ்வொரு மிஸ்ஸும் (நேர்ஸ்மாரை அப்பிடித்தான் கூப்பிடுறது) முதல்ல கேட்ட கேள்வி அதுதான். டெங்குவில மற்ற எல்லாக் கணக்கும் அந்த நேரத்தில இருந்துதான் ஓடுது. எந்த டெஸ்ட் செய்யோணும், எப்ப ஆபத்து தொடங்கும், எப்ப முடியும், எல்லாம்.

செவ்வாய், புதன் எல்லாம் காய்ச்சல் ஏறி இறங்கினபடி. டிஸ்பென்சரிக்குத் திருப்பிப் போக, "வைரல் ஃபீவர்தான், பாப்பம்" எண்டிட்டார். எங்கட நாட்டு சுகாதார அமைச்சின்ட டெங்கு வழிகாட்டலில மூண்டாம் நாளே எஃப்பிசி, அதுதான் முழு ரத்த எண்ணிக்கை, எடுக்கோணும் எண்டு தெளிவா இருக்கு, கர்ப்பிணியள், கைக்குழந்தையள் எண்டா இன்னும் முந்தியே. எங்களுக்கு அது ஒருத்தரும் சொல்லேல்லை. வெள்ளிக்கிழமை நானே பிடிச்சு இழுத்துக்கொண்டு போனன் காலி வீதியில இருக்கிற ஒரு லேப்புக்கு. கவுண்டரில இருந்த பிள்ளை "டெங்கு ஆன்டிஜன் செய்வமா?" எண்டு கேட்டா, ஓம் எண்டன், எஃப்பிசியும் சேத்து எடுத்தவை. பின்னேரம் ரிப்போட் வந்தது. ஆன்டிஜன் நெகட்டிவ். அந்தச் சொல்லைப் பாத்ததும் எனக்குக் கண்ணீரே வந்திட்டு. அம்மாவுக்கு ஃபோன் எடுத்து "டெங்கு இல்லையாம் அம்மா" எண்டு சொல்ல, அவ அங்க பிள்ளையாருக்கு நேந்ததை எல்லாம் சொல்லுறா. டிஸ்பென்சரி டொக்டரும் முதல் பேப்பரை மட்டும் பாத்திட்டு, "டெங்கு இல்லை தம்பி, காய்ச்சலும் இறங்குது, திங்கள் வேலைக்குப் போகலாம்" எண்டார். ரெண்டாவது பேப்பரை அவர் திருப்பவே இல்லை. அதில வெள்ளை அணு 2,600, பிளேட்லெட் 1,12,000 எண்டு கிடந்தது. ரெண்டும் குறைவு எண்டு பக்கத்தில அம்புக்குறியும் போட்டிருந்தவங்கள். எனக்கு இண்டைக்கும் ஆத்திரம் அடங்காத இடம் இதுதான்.

இப்ப அந்த ஆன்டிஜன் டெஸ்ட் என்ன எண்டு சொல்லுறன், பிறகு வார்டில ஒரு தமிழ் டொக்டர் பிள்ளை எனக்கு ஒரு பழைய சார்ட்டின்ட பின்பக்கத்தில கோடு போட்டு விளங்கப்படுத்தினது. டெங்கு வைரஸ் எங்கட கலங்களுக்குள்ள பெருகேக்க என்எஸ்-1 எண்டு ஒரு புரதத்தை ரத்தத்துக்குள்ள கொட்டும். அதைத்தான் அந்த டெஸ்ட் தேடுது. காய்ச்சல் தொடங்கின முதல் நாளில இருந்தே அது இருக்கும், முதல் மூண்டு நாலு நாள்தான் அதுக்கு நல்ல காலம், பிறகு குறைஞ்சு கொண்டு போகும். சிலருக்கு ஒரு கிழமைக்கு மேலயும் இருக்கும்தான். ஆனா ஏற்கெனவே ஒருக்கா டெங்கு வந்த ஆள் எண்டா, பழைய எதிர்ப்புச் சக்தி கெதியா ஓடி வந்து அந்தப் புரதத்தோட ஒட்டிக்கொள்ளும், டெஸ்ட்டுக்கு அது அம்பிடாது. "தம்பிக்கு முதல் எப்பவாவது டெங்கு வந்ததா அக்கா?" எண்டு அவ கேட்டா. 2017இல ஊர் முழுக்கக் காய்ச்சல் அடிச்ச நேரம் இவனுக்கும் ஒரு கிழமை காய்ச்சல், டெஸ்ட் ஒண்டும் செய்யேல்லை. அந்த வருசம் இலங்கையில ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல டெங்கு எண்டு பதிவாகி, 400க்கு மேல ஆக்கள் செத்தவை, நினைவிருக்கும். டெங்குவில நாலு வகை வைரஸ். ஒண்டு வந்தா அந்த வகை திருப்பி வராது, ஆனா வேற வகை வரும், ரெண்டாம் தரம் வரேக்கதான் கடுமையாகிற சந்தர்ப்பம் கூட. ஆக இவனுக்கு அது ரெண்டாம் தரமாத்தான் இருக்கோணும், அஞ்சாம் நாள் எடுத்த ஆன்டிஜன் நெகட்டிவ் எண்டதில ஒரு ஆறுதலும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரவு காய்ச்சல் முழுசா விட்டிட்டு. டெங்குவில காய்ச்சல் விடுறது நல்ல செய்தி இல்லை எண்டு எத்தினை பேருக்குத் தெரியும்? சனி காலமை எழும்பினவன், கை கால் குளிர்ந்து, வேர்த்து, வயித்துக்குள்ள நோகுது எண்டு சுருண்டு படுத்திட்டான். தேத்தண்ணி குடுத்தன், சத்தி. கொஞ்சம் கழிச்சு ஜீவனி எண்ட உப்புச்சீனிப் பவுடரைக் கரைச்சுக் குடுத்தன், அதுவும் சத்தி. பாத்ரூம் போக எழும்பினவன் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு "அக்கா, தலை சுத்துது" எண்டான். "கடைசியா எப்ப யூரின் போனாய்?" எண்டு கேட்டன், "ராத்திரி" எண்டான். நேரம் அப்ப பத்தரை. அந்த ஒரு பதில்தான் என்னை அசைச்சது, கட்டிப்போட்ட துவாயோட அவனை ஓட்டோவில ஏத்தினன். இதை வாசிக்கிற ஆளுக்கு வேற ஒண்டும் நினைவில நிக்காட்டியும் இதாவது நிக்கட்டும்: காய்ச்சல் விட்ட பிறகு வயித்து நோ, விடாத சத்தி, தலைச்சுத்து, கை கால் சில்லிடுறது, ஆறு மணித்தியாலமா யூரின் இல்லை எண்டா, ரிப்போட் என்ன சொன்னாலும் உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ரத்தம் வருதா எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, எங்கட தம்பிக்கு முரசால கூட ஒரு சொட்டு வரேல்லை.

பக்கம் எண்டு ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போனம். உள்ள எடுக்க முதல் டெபொசிட் ஒரு லட்சம். என்ட கார்ட்ல அவ்வளவு இல்லை, சிநேகிதி ஒருத்தி ஒன்லைன்ல போட்டுவிட்டா. திருப்பி ரத்தம் எடுக்க பிளேட்லெட் 46,000, பிசிவி, அதுதான் ரத்தத்தில சிவப்பணு எத்தினை வீதம் எண்டது, 50. போன வருசம் கொம்பனியில செய்த மெடிக்கல் ரிப்போட் அவன்ட ஈமெயில்ல இருந்தது, அதில பிசிவி 41. அதைக் காட்டினதும்தான் டொக்டர் நிமிர்ந்தார். இருவது வீதத்துக்கு மேல ஏறியிருந்தா ரத்தக்குழாயில இருந்து நீர் கசியுது எண்டு அர்த்தமாம். 50 எண்டதைத் தனிய பாத்தா ஆம்பிளைக்கு நோர்மலுக்குள்ள எண்டுகூடச் சொல்லலாம். ஆகவே சும்மா சுகமா இருக்கிற நேரத்தில எடுத்த எஃப்பிசி ஒண்டு எல்லாரிட்டயும் இருக்கிறது நல்லம், ஃபோன்ல படம் எடுத்து வையுங்கோ. அங்க ஒரு இரவு வச்சிருந்திட்டு, எச்டியூ கட்டில் இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாத்துறம் எண்டிச்சினம். அந்த ஒரு இரவுக்கும் அம்புலன்சுக்கும் சேத்து பில் ஒரு லட்சத்து 60 ஆயிரத்தை நெருங்கினது. மாத்தின இடத்தில ஒரு சதமும் எடுக்கேல்லை, டெங்கு பாக்கிற அனுபவமும் கூட அங்கதான். கொழும்பில பெரியாக்களுக்கு டெங்கு கடுமை எண்டா பெரியாஸ்பத்திரி, அங்கொடையில இருக்கிற ஐடிஎச் எண்ட தொற்றுநோய் ஆஸ்பத்திரி எண்டு போகலாம், சின்னப் பிள்ளையளுக்கு பொரளை லேடி ரிட்ஜ்வே. வார்டில சனம் நிரம்பி வழியும், கட்டிலுக்கும் காத்திருக்கோணும், சிங்களம் தெரியாட்டி கொஞ்சம் தடுமாறுவீங்கள், அதெல்லாம் உண்மை. ஆனா மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பாக்கிறதை நான் அங்கதான் கண்டன்.

அங்க ஸ்கான் பண்ணி, நெஞ்சுக்கூட்டுக்குள்ள வலப்பக்கம் நீர் இருக்கு, பித்தப்பைச் சுவர் தடிச்சிருக்கு எண்டு சொல்லிச்சினம். என்ன நடக்குது எண்டு அந்த டொக்டர் பிள்ளை சொன்னதை என்ட பாசையில சொல்லுறன்: சொதியை அடுப்பில விட்டிட்டா தண்ணி வத்தி தடிப்பாகும்தானே, ரத்தத்தில இருக்கிற நீர்ப்பகுதி குழாய்க்கு வெளியில கசிஞ்சு போக உள்ளுக்க மிஞ்சிற ரத்தம் அப்பிடித்தான் தடிக்குது. அந்தத் தடிப்பைத்தான் பிசிவி காட்டுது. நீர் குறைய பிரசர் இறங்கும், கிட்னிக்கு ரத்தம் போறது குறையும், அதால யூரின் குறையும். இந்தக் கசிவு ஒரு நாளில இருந்து ரெண்டு நாளுக்குள்ள தானா நிக்கும், மருந்து எண்டு ஒண்டும் இல்லை, அதுவரைக்கும் ஆளை அளந்து அளந்து தாங்கிப் பிடிக்கிறதுதான் வைத்தியம். கட்டில் தலைமாட்டில ஒரு சார்ட், அதில மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாடி, பிரசர், உள்ள போனது, வெளியில போனது. யூரின் போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சு கோட்டைப் பாத்து மில்லிலீட்டர்ல எழுதுறது என்ட வேலை. மிஸ் வந்து "நங்கி, வத்துர கொச்சர பிவ்வத?" எண்டு, அதுதான் தங்கச்சி, தண்ணி எவ்வளவு குடிச்சவர் எண்டு, சிங்களத்தில கேப்பா, நான் கப்பை எடுத்துக் காட்டுவன். கிலோவுக்கு அரை மில்லிலீட்டர் எண்டு கணக்கு, அறுபது கிலோ ஆள் எண்டா மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீட்டராவது யூரின் போகோணும். அந்த முதல் ராத்திரி ஒரு மணித்தியாலத்தில 15 தான் வந்தது. போத்தலை வச்சுக்கொண்டு நிண்டு நான் அழுத அழுகை. அப்பிடி ஒரு மஞ்சள் தண்ணிக்காக ஆரும் கும்பிடுவினம் எண்டு நான் நினைச்சதே இல்லை.

ஆனா இதில இன்னொரு பக்கமும் இருக்கு. நான் அவனுக்கு செவ்விளநீர், கஞ்சித் தண்ணி எண்டு வாயில வச்சுத் திணிச்சுக்கொண்டு இருக்க, மிஸ் வந்து கையைப் பிடிச்சு நிப்பாட்டிட்டா. கசியிற கட்டத்தில கூடக் குடுக்கவும் கூடாதாம், சேலைனும் குடிக்கிறதும் எல்லாம் சேத்து ஒரு அளவு. ஆள் அறுபது கிலோ எண்டாலும் இந்தக் கணக்கை 50 கிலோவுக்குத்தான் போடுவினம், அப்பிடி அந்த ரெண்டு நாளுக்கும் மொத்தம் 4,600 மில்லிலீட்டர்தான் பங்கு. அதை முதல் கொஞ்ச மணித்தியாலத்திலயே ஊத்தி முடிச்சா, நீர் எல்லாம் நெஞ்சுக்குள்ள இறங்கி, பிறகு கசிவு நிண்டு அது திரும்பி ரத்தத்துக்குள்ள வரேக்க மூச்சு முட்டும். யூரின் மணித்தியாலத்துக்கு அறுபதைத் தாண்டினா அவை சேலைனைக் குறைச்சவை, எனக்கு அது முதல்ல விளங்கவே இல்லை, நல்லாத்தானே போகுது எண்டு நினைச்சன். வீட்டில காய்ச்சலோட இருக்கிற முதல் நாட்களில எண்டா நல்லாக் குடிக்கக் குடுக்கோணும், வளந்த ஆளுக்கு நாளைக்கு ரெண்டரை லீட்டர் அளவு, வெறும் தண்ணியா இல்லாம ஜீவனி, கஞ்சி, இளநீர், பழச்சாறு எண்டு. சிவப்பு, பிறவுண் கலர் குடிவகை வேண்டாம், சத்தி எடுத்தா ரத்தமா நிறமா எண்டு தெரியாது. பப்பாசி இலைச் சாறு கொண்டு வந்து தரட்டா எண்டு சொந்தக்காரர் ஃபோன் எடுத்தவண்ணம். வயித்தைப் பிரட்டி இருக்கிறவனுக்கு அந்தக் கசப்பைக் குடுத்துச் சத்தி எடுக்கப் பண்ணிறதில என்ன லாபம், நான் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு குடுக்கேல்லை.

திங்கள் அளவில அவனுக்கு ஐஜிஎம் டெஸ்ட், அதுதான் வைரசுக்கு எதிரா உடம்பு செய்யிற எதிர்ப்புப் புரதத்தைத் தேடுற டெஸ்ட், செய்தவை, பொசிட்டிவ். ஐஜிஜி எண்ட மற்ற எதிர்ப்புப் புரதமும் பொசிட்டிவ். நான் அந்த நெகட்டிவ் பேப்பரையும் இதையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தன். ஒரே ஆள், ஒரே வருத்தம், நாலு நாள் இடைவெளி கூட இல்லை. வைரஸ் ரத்தத்தில இருக்கிறது காய்ச்சலுக்கு ஒரு ரெண்டு நாள் முந்தியே தொடங்கி, காய்ச்சலோட அஞ்சாம் நாள் வரைக்கும்தான் பெரும்பாலும். வைரசையே தேடுற பிசிஆர் டெஸ்ட் செய்யிறதெண்டா அந்தக் காலத்துக்குள்ள செய்யோணும், பொரளையில இருக்கிற எம்ஆர்ஐ, அதுதான் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், அங்க இந்த வைரஸ் பரிசோதனையள் நடக்குது, ஆனா அது டொக்டர் கேட்டு அனுப்புறது. வைரஸ் ரத்தத்தில குறைய, நாலாம் அஞ்சாம் நாளுக்குப் பிறகு ஐஜிஎம் தலை தூக்கும், ரெண்டு கிழமை அளவில உச்சத்துக்குப் போய், ரெண்டு மூண்டு மாசத்துக்கு இருக்கும். அதால ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒரு காய்ச்சல் வந்து ஐஜிஎம் பொசிட்டிவ் எண்டாலும் அது பழைய டெங்குவின்ட மிச்சமா இருக்கலாம். ஐஜிஜி கன காலம் இருக்கும், முதல் தரம் டெங்கு வாறவைக்கு பிந்தித்தான் வரும், ரெண்டாம் தரம் எண்டா காய்ச்சல் நேரமே குபீரெண்டு ஏறும். தம்பின்ட ரிப்போட்டில அதுதான் நடந்திருக்கு. முதல் மூண்டு நாளுக்குள்ள எண்டா என்எஸ்-1, அஞ்சு நாள் தாண்டினா ஐஜிஎம், எந்த நாள் எண்டாலும் எஃப்பிசி. லேப்புக்குப் போகேக்க "எத்தினையாம் நாள் காய்ச்சல்" எண்டதை நீங்களே சொல்லி, ரிப்போட்டிலயும் எழுதி வையுங்கோ.

யூரினை இரவு பகலா அளந்து கொண்டிருந்ததால எனக்கு ஒரு விசர்க் கேள்வி வந்தது, இதுக்குள்ளயும் வைரஸ் இருக்குமா எண்டு. டொக்டர் பிள்ளை சிரிச்சிட்டு, இருக்கும் அக்கா எண்டா. டெங்கு வைரசின்ட மரபணுத் துண்டை யூரினிலயும் எச்சிலிலயும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கினமாம், ரத்தத்தில இல்லாமப் போன பிறகும் சிலருக்கு யூரினில கொஞ்ச நாள் தெரியுமாம். ஆனா ஆஸ்பத்திரியில அதை வழக்கமா டெஸ்ட் பண்ணிறதில்லை, அதைத் தொட்டாத் தொத்துறதும் இல்லை.

இதை ஏன் சொல்லுறன் எண்டா, நாங்கள் இருக்கிற அனெக்ஸ் வீட்டுக்கார அன்ரி, நல்ல மனுசிதான், "ரத்தக்கசிவுக் காய்ச்சல்" எண்டு கேட்டதும் பயந்திட்டா. பாத்ரூமைக் கழுவ டெட்டோல் வாங்கி வச்சது மட்டுமில்லை, தம்பின்ட பெட்ஷீட்டை எரிக்கட்டா எண்டும் கேட்டா. அவ டிவியில பாத்தது எபோலாவை. அது வேற வைரஸ். 2014 தொடக்கம் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில 11,000க்கு மேல சனத்தைக் கொண்டது. அது ரத்தம், சத்தி, வேர்வை எண்டு உடம்பில இருந்து வாற நீரைத் தொட்டாலே பரவும். அங்கயும் நாள்தான் கணக்கு: வருத்தம் தொடங்கி முதல் மூண்டு நாளுக்குள்ள ரத்தம் எடுத்தா நெகட்டிவ் வரலாம், திருப்பி எடுக்கோணும். சுகமாகி ரத்தத்தில இல்லை எண்டு அனுப்பின பிறகும் கண்ணுக்குள்ள, விந்தில ஒளிச்சிருக்கும். இயன் குரோசியர் எண்ட அமெரிக்க டொக்டருக்கு சுகமாகி ரெண்டு மாசம் அளவில கண்ணுக்குள்ள எடுத்த நீரில வைரஸ் கண்டு பிடிச்சவை, நீலக் கண் பச்சையாப் போச்சாம். சிலருக்கு விந்தில ஒரு வருசத்துக்கு மேலயும் அதின்ட தடம் இருந்திருக்கு, அதால மூண்டாம் மாசத்தில இருந்து மாசா மாசம் டெஸ்ட் பண்ணி, தொடர்ந்து ரெண்டு தரம் நெகட்டிவ் வரும்வரை கவனமா இருக்கச் சொல்லி உலக சுகாதார அமைப்பு சொல்லுது. டெங்கு அப்பிடி இல்லை, நுளம்புதான் வேணும். பெட்ஷீட்டை எரிக்கத் தேவையில்லை அன்ரி, காய்ச்சல் காயிற ஆளை நுளம்பு வலைக்குள்ள படுக்க வைக்கிறதுதான் வேலை எண்டு சொன்னன், ஏனெண்டா அந்த நாட்களில அவனைக் கடிக்கிற நுளம்பு ஒரு கிழமை பத்து நாளில உங்களையும் கடிச்சு டெங்குவைத் தொத்த வைக்கும். பிறகு பிஎச்ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பாக்க, அன்ரின்ட பின் வளவில கிடந்த உடைஞ்ச பூச்சாடிக்குள்ளயும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால தண்ணி நிக்கிற தட்டிலயும் குடம்பி நெளியுது. நுளம்பு பெருக விட்டா 2007ஆம் ஆண்டு சட்டப்படி வழக்கே போடலாம், எங்களுக்கு எச்சரிக்கையோட விட்டிட்டார்.

கசிவு நிண்டதை எங்களுக்கு முதல் காட்டினது யூரின்தான், போத்தல் நிரம்ப நிரம்பப் போகத் தொடங்கினான். பசிக்குது எண்டான். உள்ளங்கை உள்ளங்கால் எல்லாம் கடி தாங்கேலாம சொறிஞ்சான், சிவந்த தோலில இடைக்கிடை வெள்ளைப் புள்ளி, அது சுகமாகிற அடையாளமாம். நாடி கொஞ்சம் மெதுவாவும் ஓடினது. பிளேட்லெட் ஆகக் குறைஞ்சது 21,000, பிளேட்லெட் ஏத்தவே இல்லை, தானா ஏறினது. ஏன் ஏத்தேல்லை எண்டு சண்டை பிடிச்ச ஒரு அப்பாவையும் அந்த வார்டில பாத்தன், ரத்தம் போகாட்டி வெறும் எண்ணிக்கைக்காக ஏத்துறதில பிரயோசனம் இல்லை எண்டு டொக்டர் எவ்வளவோ சொல்லியும் மனுசன் கேக்கேல்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாசத்துக்கு மேல தம்பிக்கு மாடிப்படி ஏற ஏலாது, தலைமயிரும் கொட்டினது. இதெல்லாம் வரும், பயப்படாதேங்கோ.

காசுக் கதையையும் சொல்லிப்போடுறன். பிரைவேட் பில், டெஸ்ட்டுகள், ஓட்டோ, சாப்பாடு, என்ட நோ-பே லீவு எல்லாம் சேத்து ரெண்டு லட்சத்து 20 ஆயிரம் அளவில போச்சு. எஃப்பிசிக்கும் டெங்கு ஆன்டிஜனுக்கும் பிரைவேட் இடங்கள் எடுக்கக்கூடிய ஆகக் கூடின விலையை அரசாங்கம் கசட் பண்ணியிருக்கு, கூட எடுத்தா பில்லோட கேளுங்கோ. தம்பிக்கு ஒஃபிஸ் இன்சூரன்ஸ் இருக்கு, அதுக்குப் போட்டா "டெங்கு ரிப்போட் நெகட்டிவ்தானே" எண்டு திருப்பி அனுப்பிச்சினம்! டிஸ்பென்சரி டொக்டரைப் போலத்தான் அவையும், முதல் பேப்பரோட நிப்பாட்டிட்டினம். டிஸ்சார்ஜ் ஆகேக்க தாற டயக்னோசிஸ் கார்ட்டில வருத்தத்தின்ட பேர், காய்ச்சல் தொடங்கின திகதி, கசிவு கண்ட நாள், ஸ்கான் முடிவு எல்லாம் எழுதியிருக்கா எண்டு வெளியில வர முதல் பாருங்கோ, பிறகு வார்டுக்கு அலைஞ்சு ஒருத்தரைப் பிடிச்சு எழுதுவிக்கிறது லேசில்லை. எங்கட கார்ட்டில எல்லாம் இருந்தது. அதோட ஐஜிஎம் ரிப்போட், வெள்ளிக்கிழமை எஃப்பிசி, பழைய கொம்பனி மெடிக்கல், ஒவ்வொண்டுக்கும் மேல காய்ச்சல் எத்தினையாம் நாள் எண்டு பேனையால எழுதி திருப்பி அனுப்பினன். பாதிக்குக் கிட்டக் காசு வந்திட்டு. மிச்சத்துக்கு அம்புலன்ஸ் பில்லின்ட ஒரிஜினல் வேணுமாம், அதைத் தேடிக்கொண்டு இருக்கிறன்.